மூன்று வயது தூரம்

எங்கள் கம்பெனி திறந்த அன்று மேனேஜர் கையில் எடுத்துக்கொண்டு வந்தது சாமி படமோ குத்துவிளக்கோ இல்லை, ஒரு பூகோள உருண்டை. நடுத்தரப் பூசணிக்காய் அளவு இருக்கும். கடலெல்லாம் பளிச்சென்ற நீலம். மேசைமேல் வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அம்மிணி, டேப்பை எடுங்க. நம்ம பையர் எத்தனை தூரத்துல இருக்கறாங்கன்னு பாத்துப்போடலாம்" என்றார். வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் பனியனை வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் பையர் என்றுதான் சொல்வோம். எங்கள் பையர் நியூயார்க்கில் இருந்த ஓர் அம்மாள். உருண்டையில் திருப்பூருக்கு எங்கே இடம் கொடுத்திருக்கப் போகிறார்கள்? சென்னைக்குக் கொஞ்சம் கீழே, இடதுபக்கமாக, உத்தேசமாக ஓர் இடத்தைத் தீர்மானித்து, டேப்பின் முனையை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை நான் நியூயார்க் வரை இழுத்தேன். பன்னிரண்டே முக்கால் இஞ்ச் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "மூணு வயசு!" என்று கத்தினோம். மூன்று வயதுக் குழந்தையின் பனியனுக்கு நாங்கள் வைக்கும் நெஞ்சகலம் அதுதான். நாள் முழுக்க அந்த அளவிலேயே உழன்றுகொண்டிருந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு புரியும்.

அன்றிலிருந்து நியூயார்க்குக்கு எங்கள் அலுவலகத்தில் பெயரே மூன்று வயதுதான். "மூணு வயசுல இருந்து மெயில் வந்துச்சுங்களா?" என்பார் காலையில் வந்ததும். லண்டன் எட்டு இஞ்சுக்குள் அடங்கிவிட்டதால் அது பிறந்த குழந்தை. நியூயார்க்குக்கு டேப்பை இழுத்துப் பிடித்தால் அது நேராக மேற்கே போகாமல் வடக்கே மலைகளுக்கு மேலே ஏறி, ருஷ்யாவைத் தாண்டி, பனிக்கடல் வழியாக நழுவிப் போகும். மேனேஜருக்கு அதை ஒத்துக்கொள்ளவே மனசில்லை. "அந்த ஐஸ் மேல எதுக்குங்க போகோணும்? கடலோட நேரா போனா ஆகாதுங்களா?" என்று டேப்பைக் கீழே இழுப்பார். அளவு இரண்டு மூன்று இஞ்ச் கூடிவிடும். "பாருங்க சார், நாலு வயசும் தாண்டிருச்சு" என்பேன். வெளியே வேறு யாருக்கும் புரியாத இந்தப் பேச்சில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை ஒன்று வளரும் இல்லையா, அந்த மாதிரி.

அவர் குன்னத்தூர்க்காரர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்காக வந்து குடியேறியவர்கள். நான் பட்டப்படிப்பு முடித்து ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்தபோது அவர் அங்கே மேனேஜர்; அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பையரோடு மெயிலில் பேசி, துணி, சாயம், தையல், லேபிள் எல்லாம் நேரத்துக்கு வருகிறதா என்று ஓடி ஓடிப் பார்ப்பது எங்கள் வேலை. வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். ஆனாலும் ஒருநாளும் என்னை வா போ என்று பேசியதில்லை. வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' இருக்கும்.

அவரை நான் ஏன் அவ்வளவு நம்பினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒருமுறை லேபிள் கம்பெனிக்காரன் ஏமாற்றியதில் கப்பலைத் தவறவிட்டோம். எங்கள் தொழிலில் மிகப் பெரிய கெட்ட வார்த்தை 'ஏர்ல போடறது'. கப்பலில் ஒரு மாதம் போகவேண்டிய சரக்கை விமானத்தில் ஏற்றினால் லாபம் மொத்தமும் அதிலேயே பறந்துவிடும். முதலாளிக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பக்கத்தில் நின்றேன். எல்லார் முன்னாலும் என் படிப்பு, என் ஊர் எல்லாவற்றையும் இழுத்து அவர் கத்தத் தொடங்கியபோது மேனேஜர் முன்னால் வந்து நின்றார். "அந்த அம்மிணி மேல தப்பில்லீங்க. எதுன்னாலும் என்ற மேல போடுங்க" என்றார். அந்தக் கூடத்தில் அப்போது வேறு எவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் அந்தக் காட்சி ஞாபகத்துக்கு வந்தால் முதலில் நன்றிதான் வருகிறது. அதன் பின்னாலேயே எரிச்சலும் வருகிறது.

அதனால்தான், "எத்தனை நாளைக்கு அடுத்தவனுக்கே ஒழைக்கறது? நீங்களும் நானும் தனியாப் பண்ணலாமுங்க" என்று அவர் கேட்டபோது மறுநாளே ராஜினாமாக் கொடுத்தேன். அம்மா அழுதாள். "மாசச் சம்பளத்த விட்டுட்டுப் போறியே, ஏட்டி, ஒனக்கென்ன கோட்டியா?" என்று கேட்டாள். எங்களை நம்பி பழைய கம்பெனியிலிருந்து கட்டிங் மாஸ்டரும் நான்கு டெய்லர்களும் வந்தார்கள். மாஸ்டரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பேரக்குழந்தைகள் எடுத்த மனிதர், இருபது வருஷ வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள், ஐந்து மெஷின். அந்த நியூயார்க் அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பழைய கம்பெனியிலேயே நன்றாகத் தெரிந்தவர். குழந்தைகள் இரவில் போட்டுக்கொள்ளும் உடுப்பில் புதிதாக ஏதாவது காட்டுங்கள், பிடித்தால் முதல் ஆர்டரை நேராக உங்களுக்கே தருகிறேன் என்று எழுதியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் நாங்கள் நிற்போம். வராவிட்டால் ஏழு பேரும் தெருவுக்கு வருவோம். வேறு வழி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

புதிதாக ஏதாவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது குன்னத்தூரில் மேனேஜர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். பட்டியில் பிறந்து சில நாளே ஆன வெள்ளாட்டுக் குட்டிகள், காரணமே இல்லாமல் நான்கு காலையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தன. சாப்பிட்ட இலையை எடுக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து வரைந்தேன். வெளிர் பச்சைத் துணியில் குதிக்கிற குட்டிகள், ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். பாய் அதற்கென்று பேட்டர்ன் வெட்டினார். எல்லா வயதுக்கும் ஒவ்வொன்று தைத்து, துவைத்து, சுருக்கம் பார்த்து, திரும்பவும் தைத்தோம். மூன்று வயதுச் சட்டையை மேசைமேல் விரித்துப்போட்டு, "இது நியூயார்க்குக்கே அளவெடுத்துத் தெச்சதுங்க" என்றார் மேனேஜர்.

யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. வரைந்தது நான். அந்த அம்மாளோடு இங்கிலீஷில் தடங்கல் இல்லாமல் பேசுவதும் நான். பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தேன். விமானத்தில் ஏறவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியும். "மொத தடவை நான் போயி வழி பாத்துட்டு வந்துடறனுங்க. அடுத்த சீசனுக்கு நீங்கதான்" என்றார். அவரும் அதுவரை விமானம் ஏறாதவர்தான். சரி என்றேன். அவருக்காக நானே வழியெல்லாம் விசாரித்து வைத்தேன். சென்னையில் நடுராத்திரிக்கு மேல் ஏறினால் ஜெர்மனி பத்து மணி நேரம். அங்கே இறங்கி வேறு விமானம் மாறி இன்னும் எட்டரை மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் பன்னிரண்டே முக்கால் இஞ்சைக் கடக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். "மத்தியானம் ஒரு மணிக்கு அங்க எறக்கி உட்டுருவானாமுங்க" என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னார். ரயில்வே ஸ்டேஷனுக்கு எல்லாரும் போய் வழியனுப்பினோம். குட்டிகள் வைத்த பெட்டியைப் பாய் தன் கையாலேயே சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. "அம்மிணி, எறங்கிட்டனுங்க!" என்றது அவர் குரல். "இங்க விடியக்காலம் நாலு மணியாகுது. இருட்டுக் கட்டிக் கெடக்குது. குளுரு தாங்கலீங்க. கட்டடமெல்லாம் அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது" என்றார். அப்புறம், "அந்த உருண்டையில டேப்பை வெச்சுப் பாருங்க அம்மிணி. நான் இப்பக் கடைசி இஞ்சுல நிக்கறனுங்க" என்றார். நான் நிஜமாகவே எழுந்துபோய் உருண்டையைப் பார்த்தேன். நியூயார்க் மேல் விரலை வைத்துக்கொண்டு, "தெரியறீங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். கீழே பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிவரச் சொன்னேன். மெஷின்களை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டோம்.

பாய் பன்னைப் பிட்டுக்கொண்டே, "ஏம்மா, எத்தன மணி நேரம் பறந்தாராம்? ஊட்டுல பேத்தி கேக்கும்" என்றார். இருபதுக்கு மேலே பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். விரல் தானாகவே எண்ணியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏறினார். இப்போதுதான் மதியச் சாப்பாடு. பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கணக்குப்படி அவர் இந்நேரம் ஜெர்மனியில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருக்கவேண்டும்.

முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். எங்கேயோ தப்பாகக் கூட்டியிருப்பேன், காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கும், வேறு விமானம் கிடைத்திருக்கும். அவரைக் காப்பாற்ற எத்தனை சமாதானம் உண்டோ அத்தனையும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாரும் மெஷினுக்குத் திரும்பியதும் டேப்பை எடுத்துத் திரும்பவும் அளந்தேன். தனியாளாக அளக்க வரவில்லை. நியூயார்க் பக்கம் இழுத்தால் திருப்பூர் பக்கம் நழுவியது. கடைசியில் மேசையிலிருந்த குண்டூசியை எடுத்து, அவர் கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் டேப்பைக் குத்தி நிறுத்திவிட்டு இழுத்தேன். அதே பன்னிரண்டே முக்கால்தான். துவைத்தால் சுருங்கிப்போக அது என்ன துணியா?

அப்போதுதான் அவர் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் பையரோடு வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அமெரிக்காவைப் பற்றி எந்த நேரத்தைக் கேட்டாலும் மனசு சட்டென்று நம் நேரத்திலிருந்து ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்துவிடும். அந்த அம்மாள் எப்போது ஆபீஸ் வருவார், எப்போது காபி குடிப்பார் என்பதெல்லாம் நமக்கு நம் நேரத்தில்தான் தெரியும். ஆனால் டிக்கெட்டில் போட்டிருந்த மத்தியானம் ஒரு மணி நியூயார்க் நேரம்; எந்த ஊரில் இறங்குகிறோமோ அந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள். விமானம் ஏறிய எவருக்கும் இது தெரியும். ஏறாத மேனேஜர் அதை நம் ஊர் ஒரு மணி என்று எடுத்துக்கொண்டு, தன் வழக்கப்படி கழித்து, அங்கே விடியக்காலம் என்று கண்டுபிடித்து, இருட்டையும் குளிரையும் பொருத்தமாகச் சேர்த்து எனக்கு போன் செய்திருந்தார். பொய்யைக்கூட அவ்வளவு சிரத்தையாகத் தைத்திருந்தார் மனுஷர்.

சாயங்காலம், அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து நியூயார்க்குக்கு போன் செய்தேன். அந்த அம்மாளின் உதவியாளராக இருந்த பெண் என் குரலைக் கேட்டதும் உற்சாகமானாள். மேடம் இங்கே இல்லையே, இந்த வாரம் உங்கள் ஊரில்தானே இருக்கிறார், உங்களுக்குத் தெரியாதா என்றாள். எங்கள் பழைய கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருப்பதாகவும், நேற்று மேனேஜர் வந்து காட்டிய ஆட்டுக்குட்டிகள் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டதாகவும், அந்தக் கம்பெனிக்கே ஆர்டர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். அப்புறம், "உங்கள் கல்யாணத்துக்கு வாழ்த்துகள்" என்றாள். நான் கல்யாணமாகி வேலையை விட்டுவிட்டேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயிலை விட்டிறங்கித் திரும்பி வந்து, எங்கள் பேக்கரியிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் எங்கேயோ நின்றுகொண்டுதான் அவர் எனக்குக் கடைசி இஞ்சைக் காட்டியிருக்கிறார்.

ஊர் திரும்புவதாகச் சொன்ன நாளில், ஒன்றும் நடக்காத மாதிரி அலுவலகத்துக்கு வந்தார். கையில் வெளிநாட்டுச் சாக்லேட் டப்பா, கோயம்புத்தூரில் எந்தக் கடையில் வாங்கினாரோ. "பிளைட் எத்தனை மணி நேரம் சார்?" என்று கேட்டேன். "அதை ஏனுங்க கேக்கறீங்க, ஒரே தூக்கம்" என்றார். நான் உருண்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். குண்டூசியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சாக்லேட்டை மேசைமேல் வைத்தார்.

"ஆரு சொன்னாங்க? பாயிங்களா?" என்றார். இதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "யாரும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் மனசில்லை. சாக்லேட் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டு, "உங்களை உட்டுப்போட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க அம்மிணி. அங்க என்னையப் பார்ட்னரா சேத்துக்கறாங்க. உங்களுக்கும் பழைய எடத்தையே பேசி வெச்சிருக்கறனுங்க. மறுக்கா வந்துருங்க" என்றார். கத்தியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். ஒரு 'ங்க' கூடக் குறையாமல் என்னை விற்றுவிட்டு, அதே மரியாதையோடு என்னைத் திரும்பவும் அதே நாற்காலிக்குக் கூப்பிட்டார். "என் கல்யாணத்துக்கு நீங்க இன்னும் மொய் எழுதலையே சார்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். சாக்லேட்டை டெய்லர் பெண்களும் தொடவில்லை, அது எறும்பு மொய்த்துப் போயிற்று.

கம்பெனி அந்த மாதத்தோடு முடிந்தது. டெய்லர்களுக்கு வேறு இடத்தில் மெஷின் கிடைத்துவிட்டது. பாய்தான் ரொம்ப நாள் அலைந்தார். அந்த ஆளிடம் ரகசியம் தங்காது என்று பெரிய கம்பெனிகளில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். பேத்திக்காக ஒரு கேள்வி கேட்டதைத் தவிர அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் நான் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கியபோது முதலில் போய்க் கூப்பிட்டது அவரைத்தான்.

இதற்கு நடுவில் ஒருநாள் அம்மா காதர்பேட்டைக்குப் போய்விட்டு வந்தாள். ஏற்றுமதியில் மிஞ்சியதையும் கழித்ததையும் குவித்து விற்கிற கடைகள் அங்கே வரிசையாக இருக்கும். அக்காள் குழந்தைக்கு வாங்கினேன் என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். வெளிர் பச்சைத் துணி, குதிக்கிற குட்டிகள், தூங்குகிற ஒன்று. "ஆட்டுக்குட்டி போட்டுருக்கு பாத்தியா, ஏட்டி? எந்த மகராசி வரஞ்சாளோ, கண்ணுக்குள்ளயே நிக்கி" என்றாள். காலரைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று வயது. நான்தான் வரைந்தேன் என்று அம்மாவிடம் சொல்ல என்னால் முடியவில்லை. குழந்தை அதைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடியது. அந்தச் சட்டை சின்னதாகிப்போகும் வரை அக்காள் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து நானும் விமானம் ஏறினேன், வேறொரு பையரைப் பார்க்க, அதே நியூயார்க்குக்கு, அதே மாதிரி ஜெர்மனியில் மாறி. முன் சீட்டின் முதுகில் இருந்த திரையில் குட்டி விமானம் ஒன்று ஊர்ந்துகொண்டே இருந்தது. தாண்டிய தூரம், மிச்ச தூரம், இறங்குகிற ஊரில் இப்போது என்ன மணி என்று எல்லாவற்றையும் அதுவே சொன்னது. கோடு வடக்கே வளைந்துதான் போனது. மத்தியானம் இறங்கினேன். வெயிலில் கண் கூசியது. வரிசையில் நின்றுகொண்டே கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன். "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன், பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று சொல்லி வைத்தபோது ஒரு வாக்கியம் வாய் வரை வந்தது. நான் இப்பக் கடைசி இஞ்சுல நிக்கறேன். அம்மாவிடம் சொன்னால் என்ன இஞ்ச் என்று கேட்பாள். பாயிடம் சொன்னால் சிரிப்பார், ஆனால் அன்றைக்கு உருண்டைக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளக்கூடியவர் உலகத்திலேயே ஓர் ஆள்தான், அவர் அதைப் பொய்க்குச் செலவழித்துவிட்டார். ஆர்டர் போனதற்கும் குட்டிகள் போனதற்கும் அழாதவள், அந்த வரிசையில் நின்று கோபத்தில் அழுதேன். பயண அலுப்பு என்று நினைத்தோ என்னவோ, பின்னால் நின்ற ஒரு பெண் கைக்குட்டைத் தாள் எடுத்துக் கொடுத்தாள்.

உருண்டை இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. நீலம் வெளுத்துவிட்டது. தூரம், பறக்கிற நேரம், அங்கே என்ன மணி, எதைக் கேட்டாலும் என் ஆபீஸ் பெண்கள் போனைத் தட்டிச் சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சோமனூர்க்காரி, உருண்டையைச் சுற்றிக் கிடக்கும் டேப்பை நியூயார்க் வரை இழுத்துப் பார்த்துவிட்டு, "பன்னண்டே முக்காலுங்க்கா. மூணு வயசு நெஞ்சகலம்" என்றாள் யாரும் கேட்காமலே. அவளுக்கு அது வெறும் அளவுதான். அவள் குனிந்து திருப்பூர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எதுக்குங்க்கா குண்டூசி?" என்றாள்.

"அந்த முனையை முன்னாடி ஒருத்தர் பிடிச்சிட்டிருந்தார்" என்றேன்.